மீள்வரு நாள்களும் நிரலின் மடக்கும்

மாதந்தோறும் ஐந்தாம் நாள் வீட்டுக்கடன் தவணை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. பிறந்த ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசி. இவ்வாறு முறை தவறாமல் திரும்பி வரும் நாள்களை மீள்வரு நாள்கள் என்போம். இவற்றை நினைவூட்டும் பொறுப்பை இன்று வலைச் செயலிகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். எவரும் அச்செயலிகளுக்கு நாள்களை ஒவ்வொன்றாக எழுதித் தருவதில்லை. தொடக்க நாள், இடைவெளி, முடிவெல்லை ஆகிய மூன்றையும் பெற்றுக்கொண்டு வரிசை முழுவதையும் நிரலே ஆக்கிக்கொள்கிறது. ஆக்கும் கருவி மடக்கு. ஒரே கட்டளைத் தொகுதியை, நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பத் திரும்ப இயக்கும் அமைப்பே மடக்கு எனப்படும்.

மடக்கின் ஒவ்வொரு சுற்றும் ஒரே தன்மையது. நாட்காட்டியின் மாதங்களோ ஒரே தன்மையன அல்ல. சீரான கருவியைக் கொண்டு சீரற்ற பொருளை அளக்கும்போது எழும் இடர்களையும் அவற்றைத் தீர்க்கும் நெறியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்காட்டியின் கட்டமைப்பு

இன்று உலகெங்கும் வழங்கும் கிரெகோரி நாட்காட்டி 1582ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாளை அடுத்து 15ஆம் நாள் எண்ணப்பட்டது. நான்கால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. நூறால் வகுபடுமாயின் நெட்டாண்டன்று. நானூறால் வகுபடுமாயின் மீண்டும் நெட்டாண்டே. இவ்விதியால் 400 ஆண்டுகளில் 97 நெட்டாண்டுகள் அமைகின்றன. மொத்த நாள்கள் 1,46,097. இவ்வெண் ஏழால் மீதியின்றி வகுபடும். ஈவு 20,871 வாரங்கள். ஆகவே, நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாள்களும் கிழமைகளும் அதே இணைப்பில் திரும்புகின்றன.

நானூறு ஆண்டுகளில் 4,800 மாதங்கள் உள்ளன. ஒரு மாதத்திற்கு ஒரு சுற்றாக மடக்கை இயக்கி, 13ஆம் நாள் எக்கிழமையில் விழுகிறது என எண்ணச் செய்தால், வெள்ளிக்கிழமைக்கு 688 முறை கிடைக்கும். வேறெந்தக் கிழமைக்கும் இத்தனை முறை கிடைப்பதில்லை. வியாழனுக்கும் சனிக்கும் 684 முறையே. ஒருவர் கையால் எண்ண நாள்கணக்கில் ஆகும் இப்பணியைக் கணினி இமைப்பொழுதில் முடிக்கிறது. மடக்கின் ஆற்றல் இத்தகையது. ஆற்றல் மிகுந்த கருவிக்குத் தவறான விதியைக் கொடுத்தால் அது தவற்றையும் அதே விரைவில் பெருக்கித் தரும்.

நாளும் நொடியும்

நாள் இடைவெளியும் வார இடைவெளியும் எளியவை. தடுப்பூசி அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பிறந்த நாளுடன் 42, 70, 98 ஆகிய நாள்களைக் கூட்டினால் மூன்று நாள்களும் கிடைத்துவிடும். இரண்டிரண்டு நாள்களுக்கிடையே 28 நாள் இடைவெளி. மாதம் எத்தனை நாள் கொண்டதாயினும் இக்கணக்கு மாறுவதில்லை.

ஆயினும் இங்கேயே முதல் இடர் காத்திருக்கிறது. பல கணினி மொழிகள் காலத்தை 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளாகவோ, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகவோ குறித்துவைக்கின்றன. ஒரு நாளைக் கூட்ட 86,400 நொடிகளைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். இந்தியாவில் இது பிழையின்றி இயங்கும்; நம் நேரம் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்தினும் ஐந்தரை மணி முந்தியதாகவே நிற்கிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் நிலை வேறு. அங்கே மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்தள்ளுகிறார்கள். முன்னது 23 மணி நேர நாள். பின்னது 25 மணி நேர நாள்.

2026 நவம்பர் 1 அத்தகைய ஞாயிறு. நியூயார்க்கில் அன்றைய நள்ளிரவுத் தொடக்கத்துடன் 86,400 நொடிகளைக் கூட்டினால் கிடைப்பது நவம்பர் 2 அல்ல. நவம்பர் 1 இரவு 11 மணியே. பட்டியலில் ஒரே நாள் இருமுறை இடம்பெறும். அதன்பின் மார்ச்சில் கடிகாரம் மாறும்வரை வரும் நாள்கள் ஒருநாள் பின்தங்கும். சென்னையில் எழுதிச் சென்னையிலேயே சோதித்த நிரலில் இப்பிழை வெளிப்படாது. அயல்நாட்டுப் பயனர் ஒருவர் பயன்படுத்தும் நாளில்தான் வெளிப்படும். ஆகவே, நாளைக் கூட்ட வேண்டுமெனில் நாளையே கூட்டுக, நொடியைக் கூட்டற்க.

மாதம் என்னும் சீரற்ற படி

மாதப் படியே இத்துறையின் உண்மையான சோதனைக்களம். 2026 சனவரி 31ஆம் நாளுடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் எந்நாள் வரும்? பிப்ரவரி 31 என்றொரு நாள் இல்லை. பி.எச்.பி. மொழியும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் மிகுந்த மூன்று நாள்களை அடுத்த மாதத்திற்குத் தள்ளி, மார்ச் 3 என விடை தருகின்றன. ஜாவா மொழியின் புதிய காலத் தொகுதி பிப்ரவரி 28 என மாதக் கடைசியில் நிறுத்துகிறது. இரண்டிற்கும் அதனதன் ஏரணம் உண்டு. கேட்டவர் எதை விரும்பினார் என்பதுதான் இரண்டும் அறியாத செய்தி.

இத்தகைய விடையை மடக்கினுள் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய விடையுடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிழை வேர்விடுகிறது. தள்ளும் முறையில் சனவரி 31, மார்ச் 3, ஏப்ரல் 3, மே 3 என வரிசை ஓடும். பிப்ரவரித் தவணை மறைந்தே போகும். நிறுத்தும் முறையில் சனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28 என ஓடும். மாதக் கடைசி என்னும் நோக்கம் பிப்ரவரியோடு இறந்துபோகும். மார்ச் மாதத்திற்கு 31 நாள்கள் இருந்தும் வரிசை அதை மறந்துவிட்டது. அது நினைவில் வைத்திருப்பது முந்தைய நாளை மட்டுமே. தொடக்க நாளை அன்று.

தீர்வு எளியது. மடக்கு நாளைச் சுமக்கக் கூடாது. எண்ணை மட்டுமே சுமக்க வேண்டும். முதற்சுற்றில் 0, அடுத்ததில் 1, அதற்கடுத்ததில் 2 என எண் ஏறட்டும். ஒவ்வொரு சுற்றிலும் தொடக்க நாளாகிய சனவரி 31உடன் அத்தனை மாதங்களைக் கூட்டி, மாதக் கடைசியைத் தாண்டினால் கடைசி நாளில் நிறுத்துக. அப்போது சனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 எனச் செவ்விய வரிசை பிறக்கும். நிலம் அளப்பவர் ஒவ்வொரு முளையையும் முந்தைய முளையிலிருந்து அளக்காமல் மூலக்கல்லிலிருந்தே அளப்பது போன்றது இது. ஓர் இடத்தில் நேர்ந்த விலகல் அவ்விடத்தோடு நின்றுவிடும். அடுத்த இடத்திற்குப் பரவாது.

இல்லாத நாள் எதிர்ப்படும்போது செய்யத்தக்கவை மூன்று: அதை விட்டுவிடுதல், முந்தைய நாளுக்கு நகர்த்துதல், அடுத்த நாளுக்கு நகர்த்துதல். வலை நாட்காட்டிகள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படும் ஐகேலண்டர் தரம், 2009இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5545 ஆவணத்தில், இல்லாத நாளை விட்டுவிடுமாறு வரையறுத்தது. 2015இல் வந்த ஆர்.எஃப்.சி. 7529 மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையை வழங்கியது. கூட்ட அழைப்புக்கு விட்டுவிடுதல் பொருந்தலாம். கடன் தவணைக்கு அது பொருந்தாது. எவ்வழி எனத் தீர்மானிப்பது பயனரின் தேவை. அத்தேவையைக் கேட்டறிந்து எழுதுவது நிரலாளரின் கடமை.

கிழமைவழி அமையும் நாள்கள்

2015 செப்டம்பர் 1 முதல் இந்திய வங்கிகளுக்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. இவ்வரிசையைப் பதினான்கு நாள் இடைவெளியாகக் கருதுவோர் உண்டு. 2026 சனவரி 10 இரண்டாம் சனி. பதினான்கு நாள் கழித்து 24 நான்காம் சனி. இன்னும் பதினான்கைக் கூட்டினால் பிப்ரவரி 7 வருகிறது. அது பிப்ரவரியின் முதற்சனி. வங்கி திறந்திருக்கும் நாள். சனவரியில் 31ஆம் தேதி ஐந்தாம் சனி ஒன்று இருந்ததே காரணம். இங்கும் முந்தைய நாளை நம்பியதே பிழைக்கு வித்து.

செய்யத்தக்கது இது. மாதத்திற்கு ஒரு சுற்றாக மடக்கை இயக்குக. மாதத்தின் முதல் நாள் எக்கிழமை எனக் காண்க. ஞாயிறுக்கு 0, திங்களுக்கு 1 எனத் தொடங்கிச் சனிக்கு 6 வரை எண் கொள்க. ஆறிலிருந்து முதல் நாளின் கிழமை எண்ணைக் கழித்து 1 கூட்டினால் முதற்சனியின் தேதி கிடைக்கும். அதனுடன் 7 கூட்ட இரண்டாம் சனி. 21 கூட்ட நான்காம் சனி. 2026 சனவரி 1 வியாழன், அதாவது 4. ஆறில் நான்கு போக இரண்டு. ஒன்று கூட்ட மூன்று. எனவே முதற்சனி 3, இரண்டாம் சனி 10, நான்காம் சனி 24. பிப்ரவரி 1 ஞாயிறு, அதாவது 0. முதற்சனி 7, இரண்டாம் சனி 14, நான்காம் சனி 28. எம்மாதமாயினும் இரண்டாம் சனி 8 முதல் 14க்குள்ளும், நான்காம் சனி 22 முதல் 28க்குள்ளும் அமைந்தே தீரும். விடை சரிதானா என ஆராய இதுவே உரைகல்.

சனியல்லாத கிழமைக்கு இதே முறையைக் கையாளும்போது கழித்தல் விடை குறையெண்ணாகலாம். வேண்டுவது திங்கள், முதல் நாள் வெள்ளி எனில் ஒன்றில் ஐந்து போக, விடை குறை நான்கு. ஜாவாஸ்கிரிப்டும் பி.எச்.பி.யும் குறையெண்ணை வகுத்தால் மீதியையும் குறையெண்ணாகவே தருகின்றன. முன்னதாக ஏழைக் கூட்டி, அதன்பின் ஏழால் வகுத்து மீதி காண்க, இடர் நீங்கும்.

முடிவெல்லை

எங்கே நிற்பது என்பதைச் சொல்லாத மடக்கு வழங்கியையே முடக்கிவிடும். ஐகேலண்டர் தரம் இரு வகை எல்லைகளை வகுத்துள்ளது. ஒன்று, இத்தனை முறை என்னும் எண்ணிக்கை. மற்றொன்று, இந்நாள் வரை என்னும் கடைசி நாள். ஒரே விதியில் இரண்டையும் சேர்த்து எழுதல் ஆகாது. எண்ணிக்கையில் தொடக்க நாளும் ஒன்றாகக் கணக்கிடப்படும். கடைசி நாள் விதிக்குப் பொருந்துமாயின் அதுவும் வரிசையில் அடங்கும். பி.எச்.பி. மொழியின் கால இடைவெளி வகுப்போ, சிறப்பாகக் கேட்டாலன்றிக் கடைசி நாளைச் சேர்ப்பதில்லை. ஒரு தரத்தின்படி 12 தவணையாக இருப்பது மற்றொன்றின்படி 11 ஆகிவிடும்.

‘ஆண்டுதோறும் பிப்ரவரி 30, பத்து முறை’ என ஒருவர் பிழையாக உள்ளிட்டால், பத்தை எட்ட முயலும் மடக்கு என்றும் நிற்காது. பிப்ரவரி 29 இருக்கும் நாளே எனினும் அதிலும் இடைவெளி சீரன்று. 2096க்குப் பின் அடுத்த பிப்ரவரி 29 வருவது 2104இல், 2100 நெட்டாண்டன்று. ஆகவே, கிடைத்த நாள்களின் எண்ணிக்கையோடு மடக்கு சுற்றிய சுற்றுகளுக்கும் ஓர் உச்சவரம்பு இட்டுவைத்தல் வேண்டும்.

மொழிகளில் மறைந்துள்ள கண்ணிகள்

ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் 0இல் தொடங்குகிறது. சனவரி 0, திசம்பர் 11. அதன் நாட்பொருள் மாறத்தக்கது. ஒரே பொருளை மடக்கினுள் மாற்றி மாற்றி அணியில் இட்டால், அணியின் எல்லா இடங்களும் கடைசி நாளையே காட்டும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய பொருளை ஆக்கிக்கொள்ளல் வேண்டும். பி.எச்.பி. மொழியில் 2013 முதல் மாறா நாட்பொருள் கிடைக்கிறது. மடக்கில் கையாள அதுவே தக்கது.

இந்திய நிரலாளர் அடிக்கடி சந்திக்கும் இடர் ஒன்றுண்டு. 2026 சனவரி 10 நள்ளிரவை இந்திய நேரத்தில் ஆக்கி, அதைப் பொது வடிவில் எழுதுமாறு ஜாவாஸ்கிரிப்டைப் பணித்தால், சனவரி 9 மாலை 18:30 என எழுதும். உலகப் பொது நேரம் நம்மினும் ஐந்தரை மணி பிந்தியது என்பதே காரணம். அதன் முதற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சேமித்தால் வங்கி விடுமுறை வெள்ளிக்கிழமையாகிவிடும். நாள் மட்டுமே வேண்டிய இடத்தில் ஆண்டு, மாதம், தேதி என்னும் மூன்று எண்களை மட்டும் சேமிப்பதே பாதுகாப்பு.

மடக்கு தனியே எட்டாத நாள்கள்

எல்லா மீள்வரு நாள்களும் நாள், வாரம், மாதம் ஆகிய படிகளால் அமைவன அல்ல. ஈசுட்டர் ஞாயிறு முழுநிலவைச் சார்ந்தது. அதைக் கணிக்கும் முறையை 1800இல் காவுசு என்னும் கணித அறிஞர் வெளியிட்டார். கிரெகோரி நாட்காட்டியில் அவ்வரிசை 57 இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறையே முழுமையாகத் திரும்பும். நம் தமிழ் மாதங்களோ ஞாயிறு ஓரைவிட்டு ஓரை புகும் பொழுதைச் சார்ந்தவை; 29 முதல் 32 நாள்கள் வரை நீள்வன. ஆடி வெள்ளிகளைப் பட்டியலிட விரும்பும் நிரல், ஆடி எந்நாளில் பிறக்கிறது என்பதை வானியல் கணிப்பிலிருந்தோ ஐந்திறம் எனப்படும் பஞ்சாங்கத்திலிருந்தோ முதலில் பெற வேண்டும். மடக்கின் வேலை அதற்குப் பிறகே.

அரசின் ஆணையும் நாட்காட்டியை மாற்றும். பசிபிக் தீவு நாடாகிய சமோவா, பன்னாட்டு நாட்கோட்டின் மறுபுறம் சேர்வதற்காக 2011 திசம்பர் 30ஆம் நாளையே விட்டுவிட்டது. வியாழனை அடுத்துச் சனி வந்தது. ‘வெள்ளிதோறும்’ என எழுதிய விதிக்கு அவ்வாரம் அந்நாட்டில் நாளே இல்லை.

முடிவுரை

மேற்கண்ட இடர்களுட் பலவற்றுக்கும் வேர் ஒன்றே: முந்தைய நாளிலிருந்து அடுத்த நாளைப் பெற முயல்வது. மருந்தும் ஒன்றே: ஒவ்வொரு நாளையும் தொடக்க நாளிலிருந்தும் விதியிலிருந்தும் நேரே பெறுவது. நாள் வரிசையை ஆக்கும் நிரல் எழுதும் இளைஞர்கள் அதை வெளியிடுமுன் ஐந்து நேர்வுகளைக் கொண்டு சோதிக்க வேண்டும்: சனவரி 31, நெட்டாண்டின் பிப்ரவரி 29, ஐந்து சனிக்கிழமை கொண்ட மாதம், ஆண்டிறுதியாகிய திசம்பர் 31, நியூயார்க்கில் கடிகாரம் மாறும் ஞாயிறு. இவ்வைந்திலும் தேறும் நிரலை நம்பித் தவணையையும் தடுப்பூசியையும் ஒப்படைக்கலாம். தேறாத நிரலை மக்கள் கையில் கொடுத்தல் தகாது.