கோழிக் காலும் கீரைப் பாத்தியும்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாதுதான். கீரை நாற்று செத்துவிடும். முளைவிட்ட தண்டுக்கீரைப் பாத்திக்குள் ஒரு பெட்டை தன் குஞ்சுகளோடு அரைமணி நேரம் புகுந்தால், மிஞ்சுவது குழிகள்தான்.

மலேசியாவின் கோலா குபு பாரு வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இந்த வழக்கு ஓயாமல் நடந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம். சுமார் 2,700 சதுர அடி. கத்திரி, வெண்டை, முருங்கை, மரவள்ளி, கம்பத்துக் கோழி எனும் நாட்டுக்கோழி எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

கிளறுவது கோழிக்குப் பிழைப்பு. அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி இன்றும் மலேசியக் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் திரிகிறது. சருகைக் காலால் பின்னே தள்ளி, ஓரடி பின்வாங்கி, அடியில் நெளிவதைக் கொத்தும். தழை மூடாக்கு போட்ட ஈரப் பாத்தி வீட்டுக்கோழியின் கண்ணுக்குக் காட்டுத்தரையேதான்! அறுவடை முடிந்த பாத்தியில் விட்டால் அதே கால் உதவிக்கு வரும்: மண்ணிலுள்ள புழு, கூட்டுப்புழு, களைவிதை எல்லாம் இரைப்பைக்குள் போய்விடும்.

எச்சத்தின் கதை வேறு. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. நைட்ரஜன் கழிவு யூரிக் அமிலமாக வெளியேறுகிறது. எச்சத்தின் மேலுள்ள வெள்ளை அதுதான். நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கும்போதுதான் கூண்டில் மூக்கை அரிக்கும் நெடி. பச்சையாகத் தூரில் கொட்டினால் செடி கருகும். கோழி எரு சூடு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நன்றாக மட்க, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் வேண்டும். எச்சத்தில் இருப்பது ஏறத்தாழ 10 பங்கு. மீதியைச் சருகும் மரத்தூளும் தரும். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பது நல்ல வசதி. குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் கொதித்தால் சால்மொனெல்லா கிருமி மடியும். மேலே தார்ப்பாய் போடாவிட்டால், மலையடிவாரத்துப் பிற்பகல் மழை சத்தைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும்.

அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணைத் தொடும் காய்கறிக்குப் பச்சை எருவிட்டு 120 நாள் கழித்தே அறுவடை. தண்டுக்கீரையோ ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். ஆகவே, கீரைக்குப் பச்சை எரு ஆகவே ஆகாது.

இனி தீவனம். 2022 ஜூன் 1 முதல் மலேசியா, மாதம் 36 லட்சம் கோழிகள்வரை போய்க்கொண்டிருந்த ஏற்றுமதியை நிறுத்தியது. காரணங்களில் ஒன்று தீவனம்: சோளமும் சோயாவும் வெளியிலிருந்து வருபவை, அவற்றின் விலை ஏறியிருந்தது. பிறகு முட்டைக்கும் தட்டுப்பாடு வந்து, நாமக்கல்லிலிருந்து இறக்கினார்கள்.

குஞ்சுகளுக்குக் காசில்லாமல் தீவனம் தர, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு பழைய உபாயம் உண்டு. உடைந்த பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்து, நீர் தெளித்து, மாலையில் நிலத்தில் கவிழ்த்துவைப்பார்கள். விடிவதற்குள் கரையான் நிறைந்துவிடும். பானையை நிமிர்த்தும் சத்தம் கேட்டதும் குஞ்சுகள் ஓடிவரும்; அந்த நேரம் கீரைப் பாத்தி பிழைத்திருக்கும், சுற்றிலும் வலை கட்டியிருந்தால்.