நம் வீட்டு மந்திரவாதிகள்

மந்திரவாதி என்றவுடன் நம் மனக்கண்முன் என்ன தோன்றுகிறது? சடைமுடி, சிவந்த கண்கள், கையிலே ஒரு மண்டையோடு, நள்ளிரவு, மயானம். இவற்றில் ஒன்றும் நம் வீட்டில் கிடையாது. ஆகையால் மாந்திரீகத்துக்கும் நமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று நிம்மதியாக இருக்கிறோம்.

ஆனால் நேற்று மாலை குழந்தை பால் குடிக்க மறுத்தபோது, உப்பும் மிளகாயும் கடுகும் எடுத்து மூன்று முறை சுற்றி நெருப்பிலே போட்டவர் யார்? வெளியே புறப்படும்போது "எங்கே?" என்று கேட்டுவிட்ட பையனை அதட்டிவிட்டு, உள்ளே திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துப் புறப்பட்டவர் யார்? "போகிறேன்" என்னாமல் "போய் வருகிறேன்" என்கிறோம். விளக்கை "அணை" என்னாமல் "குளிர வை" என்கிறோம். வாயிலிருந்து வந்த சொல் அப்படியே பலித்துவிடுமோ என்ற பயந்தான் காரணம். சொல்லுக்கே காரியத்தை நடத்தும் சக்தி உண்டு என்று நம்புவதற்குத்தானே மந்திரம் என்று பெயர்!

உலகமெங்கும் உள்ள இத்தகைய வழக்கங்களைத் திரட்டி ஆராய்ந்தவர் ஸர் ஜேம்ஸ் பிரேஸர் என்ற ஸ்காட்லாந்து நாட்டுப் பேராசிரியர். 'பொற்கிளை' என்ற பொருள்படும் தலைப்புடன் 1890-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் பிற்காலத்தில் பல பாகங்களாக விரிந்தது. மாந்திரீகம் அனைத்தும் இரண்டே எண்ணங்களில் அடங்கிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. ஒன்றைப்போல மற்றொன்றைச் செய்தால், அதற்குச் செய்தது இதற்கும் பலிக்கும் என்பது முதலாவது எண்ணம். ஒரு முறை ஒட்டியிருந்த பொருள்கள் பிரிந்த பின்னும் ஒட்டியே இருக்கும் என்பது இரண்டாவது.

இவ்விரண்டையும் கண்டுபிடிக்க நாம் சீமைக்குப் போகவேண்டியதில்லை. மழை பொய்த்தால் ஊரின் பாவத்துக்கு ஓர் உருவம் செய்து, கொடும்பாவி என்று பெயரிட்டு, ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாக இழுத்துச் செல்வது நம் நாட்டு வழக்கம். பூசணிக்காய்க்குள் குங்குமத்தை இட்டு நடுத்தெருவில் உடைக்கிறோம். காய் சிதறியது, நம் தலை தப்பியது! இவை முதல் வகை. வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் பிறர் கையில் அகப்படாமல் ஒளிப்பதும், கண் வைத்தவர் என்று சந்தேகிக்கப்படுபவரின் காலடி மண்ணை எடுத்து வந்து சுற்றிப்போடுவதும் இரண்டாம் வகை.

"இவற்றால் யாருக்கு என்ன நஷ்டம்? நாலு மிளகாய் போனால் போகட்டுமே" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் மாறியது தாயில்பட்டியில்.

தாயில்பட்டி சிவகாசிக்கு அருகே, வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ள ஊர். கரிசல் பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வளர்ந்தது. விவசாயியைக் கைவிட்ட வெயில் பட்டாசைக் காயவைக்க உதவியது. இன்று இவ்வட்டாரத்தில் காலை வேளையில் பார்த்தால், தூக்குவாளியும் கையுமாக ஆணும் பெண்ணும் ஆலை வண்டிகளில் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஆலை வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கும். திருஷ்டிப் பூசணிக்காயும் உண்டு.

இதைப் பார்த்து நகைப்பவர்கள் மாலினோவ்ஸ்கி என்ற அறிஞர் கண்டதைக் கேட்கவேண்டும். முதல் உலக யுத்த காலத்தில் அவர் நியூகினிக்கு அருகேயுள்ள டிரோப்ரியாண்ட் தீவு மக்களிடையே வாழ்ந்தார். அமைதியான காயலில் மீன் பிடிக்கையில் அம்மக்கள் மந்திரம் எதையும் நாடவில்லை. தங்கள் கைத்திறனையே நம்பினார்கள். அலையும் ஆபத்தும் நிறைந்த வெளிக்கடலுக்குப் போகும்போதுதான் மந்திரச் சடங்குகள் பெருகின. மனிதனுடைய அறிவும் திறமையும் எங்கே எட்டாமல் நின்றுவிடுகின்றனவோ, அங்கே மந்திரம் முளைக்கிறது. ஆகவே மருந்தோடு பழகுகிறவர்கள் மிளகாய் கட்டுவதில் வியப்பில்லை. ஆபத்து ஏதுமின்றிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்துகொண்டு பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நாம் அவர்களைப் பார்த்து நகைப்பதுதான் வியப்பு.

ஆனால் தாயில்பட்டியில் நாம் கண்டது மிளகாயை விடப் பெரிய விஷயம். வெடியாலை அறைகளின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி பூமிக்குள் இறங்கும். உள்ளே செல்பவர் அதைத் தொட்டுவிட்டே செல்லவேண்டும் என்பது கட்டளை. காரணம் இதுதான்: காற்று உலர்ந்திருக்கும்போது நம் உடலிலும் உடையிலும் மின்சாரம் தேங்குகிறது. நைலான் போன்ற துணிகளில் இன்னும் அதிகம். இருட்டில் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அந்தப் பொறி மருந்துப் பொடிக்குப் போதும். தகட்டைத் தொட்டால், தேங்கிய மின்சாரம் கம்பி வழியாகப் பூமிக்குப் போய்விடும். பட்டாசைக் காயவைக்கும் அதே வறட்சிதான் இந்தப் பொறிக்கும் துணை.

பல ஆண்டுகள் திரி வைக்கும் வேலை பார்த்த ஒரு மூதாட்டியைச் சந்தித்தோம். தகட்டைத் தொட்ட விரலை அவர் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம், கோயில் படியைத் தொட்டு ஒற்றிக்கொள்வதைப்போல.

"எதற்காக அம்மா அதைத் தொடுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"தொட்டுட்டுத்தான் போகணும்னு சொன்னாக. தொடுறோம் ஐயா. தொட்டா ஒண்ணும் ஆகாது."

"தகட்டின் கம்பி அறுந்து போயிருந்தால்?"

"அப்பவும் தொடுவோமே!"

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பியின் சங்கதியை விளக்கிச் சொன்னோம். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதை யாரும் எங்களுக்குச் சொல்லலையே ஐயா! ஒரு தடவை அந்தக் கம்பி ரொம்ப நாளா அறுந்து கிடந்துச்சு. வெறும் கம்பிதானேன்னு விட்டுட்டோம்" என்றார். அது எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம்.

சாஸ்திரம் வகுத்த விதி, காரணம் சொல்லப்படாமையால் மந்திரமாகிவிட்டது. இன்னொரு விதியைப் பாருங்கள். கலந்த மருந்தில் மிச்சத்தை இரவு தங்கவைக்கக் கூடாது. விளக்கு வைத்த பின் உப்பு இரவல் கொடுக்கக் கூடாது என்பதைப்போலவே இதுவும் காதில் விழுகிறது. ஆனால் அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் பட்டுவிட்டால் அது உள்ளுக்குள்ளேயே மெல்லச் சூடேறி, யாரும் தொடாமலே தீப்பற்றக்கூடும். உப்பு விதியை மீறினால் ஒன்றும் நேராது. மருந்து விதியை மீறினால் உயிர் போகும். இரண்டும் "பெரியவர்கள் சொன்னார்கள்" என்ற ஒரே பெட்டியில் கிடந்தால், அவசரத்தில் எதைக் கைவிடுவது, எதைக் கைவிடக் கூடாது என்று ஒரு தொழிலாளிக்கு எப்படித் தெரியும்?

மந்திரம் நம்மை ஏமாற்றும் விதமும் விசித்திரமானது. 1948-இல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டிலிட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானியம் விழும்படி செய்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஏதோ ஒரு சேஷ்டையைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமாகச் சுற்றியது. மற்றொன்று கூண்டின் மூலையில் தலையை நீட்டியது. தானியம் தம் சேஷ்டையால்தான் விழுகிறது என்று அவை நினைத்தாற்போல் இருந்தது! நேற்றுப் பூசணிக்காய் உடைத்தோம், இன்று விபத்தில்லை என்கிறோமே, அந்தத் தர்க்கமும் இதுதான்.

விபத்து நேர்ந்துவிட்டாலோ? அப்போதுதான் மந்திரத்தின் கொடிய முகம் தெரியும். அறிவு தவறினால், எங்கே தவறு என்று விதியைத் திருத்துகிறோம். மந்திரம் தவறினால் மனிதரைத் தேடுகிறோம். "கண் பட்டுவிட்டது", "நாள் சரியில்லை", "அவள் வந்த வேளை!" கணவனை வெடிக்குப் பறிகொடுத்த பெண்ணையே ராசியில்லாதவள் என்று மூலையில் உட்காரவைப்பதைவிடப் பெரிய பாவம் உண்டா? கொடும்பாவிக்குப் பொம்மை செய்யக்கூட வேண்டியதில்லை. உயிருள்ள ஒரு பெண்ணே அகப்பட்டுவிடுகிறாள்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் இவ்வட்டாரம் பல சாவுகளைக் கண்டிருக்கிறது. விபத்துக்களுக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை எவை? ஓர் அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, உராய்வு, உரிமம் இன்றி வீட்டிலேயே செய்யும் வேலை. இந்தப் பட்டியலில் கண்ணேறும் இல்லை, எந்தப் பெண்ணின் ராசியும் இல்லை. பழியைத் திருஷ்டியின் தலையில் போட்டுவிட்டால், கணக்குக் கேட்கப்படவேண்டியவர்கள் சுகமாகத் தப்பிவிடுகிறார்கள்.

ஆகையால் வாசல் மிளகாயை அறுத்தெறியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பயந்த நெஞ்சுக்கு அது ஓர் ஆறுதல் என்றால் தொங்கட்டும். "போய் வருகிறேன்" என்பதிலும் அன்பு இருக்கிறது, அதை விடவேண்டியதில்லை. நாம் வேண்டுவதெல்லாம் ஒன்றே. வீட்டிலும் ஆலையிலும் நாள்தோறும் செய்யும் ஒவ்வொன்றையும் பார்த்து "ஏன்?" என்று கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கும் குழந்தையை அதட்டக் கூடாது. காரணம் உள்ள வழக்கத்துக்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுப்போம். இல்லாததை, "இது வெறும் மனச்சாந்திக்கு" என்று ஒப்புக்கொள்வோம்.

நாம் விடைபெறும்போது, அந்த அம்மையார் தம் மருமகளை அழைத்துச் சொன்னது இது: "நாளைக்குப் போகும்போது தகட்டைத் தொட்டுக் கும்பிடு. அதுக்கு முந்திக் கம்பி மண்ணுக்குள்ள போகுதான்னு குனிஞ்சு பாரு."