சுரம் சாகாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி

ஸ்டீல் கிட்டாரை மடியிலோ கால்கள் வைத்த சட்டத்திலோ படுக்க வைத்து வாசிப்பார்கள். இடக்கையில் இருக்கும் வழவழப்பான எஃகுக் கட்டை தந்திகளின் மேல் வழுக்கிச் செல்ல, சுரம் படியில் ஏறாமல் சரிவில் ஏறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசஃப் கெகுகு என்ற இளைஞர் வளர்த்தெடுத்த முறை இது. மின்சாரக் கிட்டார்களில் முதன்முதலில் சந்தையில் வென்றதும் இந்த இனம்தான்: 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்ற, ‘வாணலி’ என்று செல்லப்பெயர் பெற்ற மடிக் கிட்டார்.

அந்த வாணலிக்குள் ஒலியைப் பெருக்கும் மரக்கூடு இல்லை. தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பிக்கப் மின்சாரமாக்க, அதை ஒலியாக்கும் வேலை முழுவதும் ஆம்ப்ளிஃபையருடையது. அதனால்தான் ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் பழைய ஆம்ப்ளிஃபையர்களை வாத்தியத்தின் பாதியாகவே மதிக்கிறார்கள். அந்த மதிப்பு முற்றிலும் நியாயமானது.

ராக் கிட்டார்க்காரருக்கு ஆம்ப்ளிஃபையர் திணறி உறும வேண்டும். ஸ்டீல் கிட்டாருக்கு அது ஆகவே ஆகாது. காரணம் கணக்கில் இருக்கிறது. திணறும் ஆம்ப்ளிஃபையர் உள்ளே வந்த இரண்டு சுரங்களோடு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் சேர்த்து வெளியே தள்ளும். ஸட்ஜமம் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமம் 600, சதுஸ்ருதி தைவதம் ஏறத்தாழ 667. இந்த இரண்டின் வித்தியாசம் 67. அது சுத்த மத்தியமம், மூன்று ஸ்தாயி கீழே. யாருமே வாசிக்காத மத்தியமம் அடியில் உறுமி, மேலே ஒலிக்கும் அந்தர காந்தாரத்தோடு மோதுகிறது. ஸ, க, ப, த என்று நான்கு சுரங்களைச் சேர்த்து மீட்டுவது ஸ்டீல் கிட்டாரில் அன்றாட வழக்கம். கட்டை நகர நகர அந்த அழைக்காத சுரமும் கூடவே நகர்ந்தால் காதில் விழுவது குழப்பம் மட்டுமே.

அடுத்தது வலக்கால். வாசிப்பவரின் பாதத்தின் கீழே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல் ஒன்று இருக்கும். தந்தியை மீட்டும்போது பெடல் பாதிதான் அழுந்தியிருக்கும். மீட்டிய கணத்திலிருந்து தந்தி தளரத் தொடங்க, பாதம் அதே வேகத்தில் இறங்குகிறது. தந்தி இழந்ததைக் கால் ஈடுகட்டுவதால், வயலினில் வில் இழுத்ததுபோல் நீண்டு நிற்கிறது நாதம். தந்தியின் ஒலி 20 டெசிபெல் தளர்ந்தால் அதன் ஆற்றல் நூறில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். அதை நிரப்பும் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரில் கையிருப்பு வேண்டும். பெடல் முழுவதும் அழுந்திய நிலையில் இன்னொரு தந்தியை மீட்டினால் வரும் திடீர் வீச்சையும் அது சிதறாமல் தாங்க வேண்டும்.

1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற வால்வு ஆம்ப்ளிஃபையர் தந்த 85 வாட் இந்தக் கையிருப்புக்காகத்தான் போற்றப்பட்டது. 1970களில் பீவி நிறுவனம் ஸ்டீல் கிட்டாரை மனதில் வைத்தே செய்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரான செஷன் 400 சுமார் 200 வாட் தந்தது. 85இலிருந்து 200க்குப் போனால் கூடுவது நான்கு டெசிபெல்கூட இல்லை. சத்தம் இருமடங்காகத் தோன்ற பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆனாலும் திடீர் வீச்சு சிதறும் எல்லைக்கு அருகில் வாசிப்பவருக்கு அந்தச் சில டெசிபெல் பெரிய வரம்.

அரை நூற்றாண்டு கடந்த பெட்டியில் முதலில் தளர்வது கெபாசிட்டர். பழைய ட்வின் ரிவெர்பின் சேசிஸில் நீள்சதுரத் தகர மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் உருளைகள்தான் அவை. முனை புடைத்திருந்தாலோ, ஓரத்தில் கசிந்து காய்ந்த பொருக்கு தென்பட்டாலோ ஆயுள் முடிந்தது என்று பொருள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மாடித் தொட்டி குழாயில் சீராகத் தண்ணீர் விடுவதைப் போல, ஏறி இறங்கும் மின்சாரத்தைச் சேமித்து இவை சமன்செய்கின்றன. உள்ளே இருக்கும் திரவம் ஆண்டுகள் போகப் போக உலர்ந்துவிடும். அப்போது அமெரிக்க மின்சாரத்தில் 120 ஹெர்ட்ஸிலும், நம் ஊர் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸிலும் ஓர் இரைச்சல் எழும். அதைவிடக் கொடுமை, அந்த இரைச்சல் சுரத்தோடும் கலப்பது. அமெரிக்க மின்சாரத்தில் 1000 ஹெர்ட்ஸ் சுரத்தை நீட்டினால் 880இலும் 1120இலும் ஆவிபோல நிழல் சுரங்கள் கேட்கும்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் இரைச்சல் நின்றபாடில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் பெட்டிக்குள்தான். கிட்டாரைத் திருப்பி வைக்கும்போது கூடிக் குறைந்தால் அது பிக்கப் உள்வாங்கும் இரைச்சல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த உருளைகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், உயிரையே பறிக்கும். வால்வு ஆம்ப்ளிஃபையர் தெரிந்த மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது.

பெட்டி நலமான பிறகுதான் ஒலியைத் திருத்தும் திருகுகளுக்கு வேலை. 800 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஸ்டீல் கிட்டாருக்கு ஒரு மூக்கொலி உண்டு. அனுபவசாலிகள் பலர் அந்த இடத்தைத் துணிந்து குறைத்துவிடுகிறார்கள். இதை வீட்டில் மெதுவாக வைத்துச் செய்தால் பலனில்லை. ஒலி தாழும்போது நம் காது கீழ்ச் சுரங்களைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பதை 1933லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் போதாததாகப் பட்ட பேஸ் மேடையில் வெள்ளமாகும். ஆகவே வாசிக்கப்போகும் அதே சத்தத்தில் வைத்துத்தான் திருக வேண்டும்.

கடைசியாக, பெட்டியை வைக்கும் இடம். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர். 15 அங்குல ஸ்பீக்கரின் அகலம் 38. தன்னைவிடச் சிறிய அலைகளை ஸ்பீக்கர் பெரும்பாலும் நேர்முகமாகவே வீசும். தரையில் வைத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பவரின் காது அந்தப் பாதைக்கு மேலே இருப்பதால் ஒலி மந்தமாகக் கேட்கிறது. அவர் ட்ரெபிளைக் கூட்டுகிறார். முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பெட்டியைப் பின்பக்கம் சாய்த்து, ஸ்பீக்கர் தன் காதைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் அவர் கேட்பதும் சபை கேட்பதும் நெருங்கிவரும். மூலையிலிருந்து நாலடி முன்னால் நகர்த்தினால் சுவர்கள் ஊதிப் பெருக்கிய பேஸும் தணிந்துவிடும்.