பயிற்றுவிப்பில் திட்டமிடலும் உள்ளுணர்வும்

கோச்சிங் எனப்படும் தனிநபர் பயிற்றுவிப்பு என்பது, ஒருவர் தமது தொழிலிலோ வாழ்க்கையிலோ தாமே தேர்ந்துகொண்ட இலக்கை அடைய, பயிற்றுநர் ஒருவர் தொடர் உரையாடல்கள் மூலம் துணைநிற்கும் முறையாகும். இத்துறையில் இரண்டு அணுகுமுறைகள் உள்ளன. முதலாவது, ஒவ்வோர் அமர்வுக்கும் நோக்கம், படிநிலைகள், அளவீடு ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் கட்டமைக்கப்பட்ட திட்டமிடல். இரண்டாவது, எதிரில் இருப்பவரின் சொல், குரல், மௌனம் ஆகியவற்றைக் கவனித்து, அந்த நேரத்தில் தோன்றுவதைப் பின்பற்றும் உள்ளுணர்வு. எதை எப்போது நம்புவது என்பதில் பயிற்றுநர் தவறினால், அதன் விலையைத் தருபவர் பயிற்சி பெறுபவரே. அவருடைய காலமும் பணமும் வீணாவதுடன், சில வேளைகளில் தன்னம்பிக்கையும் குலைகிறது.

திட்டமிடும் முறை

திட்டமிட்ட பயிற்றுவிப்புக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ‘குரோ’ மாதிரியாகும். இது 1980களில் பிரித்தானியாவில் உருவானது. முன்னாள் கார்ப் பந்தய வீரரான ஜான் விட்மோர் 1992இல் வெளியிட்ட நூலின் மூலம் இது பரவலாக அறியப்பட்டது. இலக்கு, தற்போதைய நிலை, இருக்கும் வழிகள், செய்யப்போவது என்னும் நான்கு படிகளில் உரையாடல் நகர்கிறது.

இம்முறையின் பயன் எளிமையானது. என்ன பேசினோம், என்ன முடிவு செய்தோம், அது நடந்ததா என்று அடுத்த அமர்வில் சரிபார்க்க முடிகிறது. பேச்சு இனிமையாக அமைந்துவிட்டதாலேயே முன்னேற்றம் ஏற்பட்டுவிட்டதாக இருவரும் எண்ணிக்கொள்வதை இது தடுக்கிறது.

இதன் குறையும் இதிலேயே உள்ளது. பதவி உயர்வு பெறுவதை இலக்காகக் கொண்டு ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். நான்காவது அமர்வில் அவர் வேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தளர்கிறது. திட்டத்தை மட்டும் பார்க்கும் பயிற்றுநர், அன்றைக்கு உரிய படியை முடித்துவிட்டு அவரை அனுப்பிவிடுவார். அவருக்கு அந்த வேலையே வேண்டாமோ என்ற கேள்வி எழாமலே போய்விடும்.

உள்ளுணர்வின் இடம்

உள்ளுணர்வுக்கு மதிப்பளிக்கும் மரபில் திமோதி கால்வே முக்கியமானவர். டென்னிசு பயிற்றுநரான இவர் 1974இல் வெளியிட்ட நூலில், ஆட்டக்காரருக்கு அறிவுரைகளை அடுக்குவது அவருடைய இயல்பான ஆட்டத்தையே கெடுக்கக்கூடும் என்றார். பந்தை எப்படி அடிப்பது என்று சொல்வதைவிட, பந்தைக் கவனிக்கச் செய்வதே போதுமானது என்பது அவர் கருத்து. விட்மோரின் சிந்தனைக்கு இவரே முன்னோடி. ஆகவே, இன்று திட்டமிடலின் அடையாளமாகக் கருதப்படும் குரோ மாதிரிக்கும் வேர் கவனித்தலிலேயே உள்ளது.

உள்ளுணர்வு என்பது மாயமன்று. பழகிய ஒன்றை அடையாளம் காணும் திறனே அது என்று பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எர்பர்ட் சைமன் விளக்கினார். உளவியலாளர் கேரி கிளைன் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் ஒருவர் கூறிய நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். வீடொன்றில் சமையலறைத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது, காரணம் தெரியாமலே அவர் தம் ஆட்களை வெளியேறச் சொன்னார். சற்று நேரத்தில் தளம் இடிந்து விழுந்தது. தீ உண்மையில் நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. சமையலறைத் தீக்குப் பொருந்தாத அளவு வெப்பம் மிகுந்தும் ஓசை குறைந்தும் இருந்ததைப் பல ஆண்டு அனுபவம் அவருக்கு உணர்த்தியிருந்தது.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம்?

மறுபுறம், அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954இல் எழுதிய நூல், வல்லுநர்களின் கணிப்பையும் எளிய சூத்திரங்களின் கணிப்பையும் ஒப்பிட்டது. பெரும்பாலான ஆய்வுகளில் சூத்திரம் வல்லுநருக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தது. எனினும் மீல் ஒரு விலக்கையும் சுட்டினார். ஒருவர் இன்று மாலை திரைப்படத்துக்குப் போவார் என்று சூத்திரம் கூறலாம். அவருக்குக் கால் முறிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்தால், சூத்திரத்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

கிளைனும், உள்ளுணர்வை ஐயத்துடன் நோக்கிய டேனியல் கானமனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தனர். ஒன்று, அத்துறையில் நம்பத்தக்க அறிகுறிகள் ஒழுங்காகத் தென்பட வேண்டும். மற்றொன்று, தம் கணிப்பு சரியா தவறா என்பதை அறிந்து, நீண்டகாலம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இருக்க வேண்டும். தீயணைப்பு வீரருக்கு விடை சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. பயிற்றுநரின் நிலை வேறு. பாதியில் நின்றுவிட்ட ஒருவர் ஏன் நின்றார் என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிவதே இல்லை. தொடர்ந்து வருபவரும் மரியாதை கருதிக் குறைகளைச் சொல்லாமல் இருக்கலாம். இருபது ஆண்டு அனுபவம் இருந்தாலும், விடை தெரியாத இருபது ஆண்டுகள் உள்ளுணர்வைக் கூர்மையாக்குவதில்லை.

பயிற்றுவிப்புக்கு அண்மைத் துறையான உளச்சிகிச்சையில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 550 பேருக்குச் சிகிச்சை அளித்தவர்களிடம், யாருடைய நிலை மோசமாகும் எனக் கணிக்கும்படி கேட்கப்பட்டது. அவர்கள் மூவரை மட்டுமே குறிப்பிட்டனர். உண்மையில் 40 பேரின் நிலை மோசமாகியிருந்தது. வினாத்தாள் மதிப்பெண்களைக் கொண்டு கணித்த முறையோ அவர்களுள் பெரும்பாலோரை முன்கூட்டியே அடையாளம் காட்டியது. சிகிச்சை அளித்தவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். ஆனால் அக்கறை மட்டுமே சரிவைக் காண உதவவில்லை.

இரண்டையும் இணைத்தல்

1950களில் இசுரேலியப் படையில் பணியாற்றிய இளம் கானமன், படைவீரர்களை நேர்காணல் செய்யும் முறையை மாற்றியமைத்தார். ஆறு பண்புகளை ஒவ்வொன்றாக விசாரித்து, தனித்தனியே மதிப்பெண் இடும்படி நேர்காணல் செய்பவர்களிடம் கூறினார். இறுதியில் கண்களை மூடிக்கொண்டு, அந்த வீரரைக் கற்பனை செய்து ஒரு பொது மதிப்பெண்ணும் இடச் சொன்னார். ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகப் பலித்தது. கண்மூடி இட்ட மதிப்பெண்ணும் அதே அளவு பலித்தது. ஒழுங்காகத் தகவல் திரட்டிய பிறகு எழும் உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு என்பதே இதிலிருந்து அவர் பெற்ற பாடம்.

பயிற்றுவிப்பில் இதைப் பின்வருமாறு கையாளலாம்:

• முதல் அமர்விலேயே இலக்கையும், அதை எதைக் கொண்டு அளப்பது என்பதையும் எழுதிவைத்தல்.
• ஒவ்வோர் அமர்வின் முடிவிலும், அது பயன்பட்டதா என்பதைச் சில நேரடிக் கேள்விகளால் கேட்டறிதல்.
• அமர்வின்போது தோன்றும் உள்ளுணர்வை முடிவாக அறிவிக்காமல், கேள்வியாக முன்வைத்தல். “உங்களுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை” என்பதற்குப் பதிலாக, “வேலையைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரல் தளர்வதுபோலத் தெரிகிறதே, சரியா?” என்று கேட்கலாம்.
• தோன்றிய ஊகத்தைக் குறித்துவைத்து, சில வாரங்களுக்குப் பின் அது சரியாக இருந்ததா எனப் பார்த்தல்.

கடைசி இரண்டும் முக்கியமானவை. கேள்வியாகக் கேட்கும்போது, பயிற்றுநரின் ஊகத்தை மறுக்கும் உரிமை பயிற்சி பெறுபவரிடம் இருக்கிறது. குறித்துவைக்கும்போது, பயிற்றுநருக்கு இயல்பாகக் கிடைக்காத விடை கிடைக்கத் தொடங்குகிறது. எனவே திட்டமிடல் உள்ளுணர்வுக்குப் பகையன்று. உள்ளுணர்வு தன் தவறுகளைக் கண்டு திருந்துவதற்கான வழி அதுவே.