கடன் கொப்பியில் ஒரு கல்விக் கணக்கு

கண்டி - மஹியங்கனை வீதியில் தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் ஹுன்னஸ்கிரிய. அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் போட்டோக்கொப்பி, ரீலோட் கடை நடத்துகிறார். கடந்த வாரம் அந்தப் பக்கம் சென்றபோது என்னை இருத்தி, கடன் கொப்பியைத் திறந்து காட்டினார். கடைசிப் பக்கங்களில் கடன்காரர் பெயர்கள் இல்லை. மகனின் வகுப்புத் திகதிகள்.

"நானா, சரி போட்டது முழுசா நடந்த வகுப்பு. புள்ளடி போட்டது லைன் அறுந்தது."

புள்ளடிதான் அதிகம். மகன் சேர்ந்தது ஒரு தனியார் நிறுவனத்தின் இணையவழிப் பட்டப்படிப்பில். அழகான செயலி, கண்ணைப் பறிக்கும் விளம்பரம். பதிவு செய்த விரிவுரை ஒரு வாரத்தில் அழிந்துவிடும் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்ததாம். மழைக்குக் கரண்ட் போனால் சிக்னலும் போய்விடும் ஊர் இது. இரண்டாம் தவணையோடு பையன் நின்றுவிட்டான். இப்போது மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்திருக்கிறது. இசட் புள்ளி போதவில்லை. அவளை எங்கே சேர்ப்பது என்பதே அவரது கேள்வி.

பல்கலைக்கழகங்களின் இணைய ஈர்ப்பை அளக்கும் தராசுகள் உலகில் உண்டு. ஸ்பெயினில் 2004இல் தொடங்கிய வெபோமெட்ரிக்ஸ் தரவரிசையில், ஒரு பல்கலைக்கழக இணையத்தளத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கே பெரிய எடை. அதில் பிழை இல்லை. ஆனால் ஹுன்னஸ்கிரியவில் வகுப்பு கேட்குமா என்பதை அது நிறுக்காது. எமது அரச பல்கலைக்கழகங்களுக்கோ ஈர்ப்பே பிரச்சினையில்லை. வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, கடைதான் ஆளைத் தெரிவு செய்கிறது. ஈர்ப்பு வியாபாரமாவது கட்டணம் அறவிடும் இடங்களிலும் வெளிவாரிப் பட்டங்களிலும்தான்.

2020இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் வலையமைப்பு வழியாக நடந்த விரிவுரைகளுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டா கட்டணத்தை விட்டுக்கொடுத்தன. வசதி குறைந்த மாணவர்களை வகுப்பில் வைத்திருந்ததில், எந்த அழகான இணையத்தளத்தையும் விட அந்தச் சலுகைக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. அதுவும் சிக்னல் உள்ள இடத்தில்தான். 2021இல் போஹிட்டியாவ கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறியது உலகச் செய்தியானது.

கடையிலிருந்தே மூன்று தனியார் நிறுவனங்களுக்குத் தொலைபேசி எடுத்தோம். கட்டணத்தை மூவரும் மூச்சு விடாமல் சொன்னார்கள். "போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடத்துக்கு வந்தார்கள்?" என்று நான் கேட்டதற்கு மூவரிடமும் பதில் இல்லை. ஒருவர் மட்டும் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் இருப்பதை நினைவூட்டினேன். லைன் அறுந்தால் பஸ் ஏறிப் போய்க் கேட்க ஒரு கட்டடமாவது இருக்கும்.

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் வெளியே வந்தாள்.

"வாப்பா, புதுப் பக்கம் ஒன்று திருப்புங்க. பஸ் காசையும் சேர்த்து எழுதுவோம்."