மட்டந்தட்டலும் திரளும் வழுவும்

எண்ணொன்றை மட்டந்தட்டுதல் பள்ளிக் கணிதத்தின் சிறு விதியாகவே கருதப்படுகிறது. கணனியிலோ அது எண்ணிறந்த தடவைகள் மீள நிகழ்வதாதலின், அதன் விளைவை நாம் தனித்து நோக்க வேண்டியுள்ளது.

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 சனவரியில் புதிய சுட்டெண்ணொன்றை 1000 என்னும் பெறுமானத்துடன் தொடக்கியது. பங்குகள் கைமாறுந்தோறும் கணனி முன்னைய பெறுமானத்திலிருந்தே புதியதைக் கணித்தது. மூன்றாம் தசமதானத்துக்கு அப்பாலுள்ள இலக்கங்களை மட்டந்தட்டாது வெட்டிவிட்டது. இதனால் 574.6789 என்பது 574.679 ஆகாது 574.678 ஆயிற்று. ஒரு தடவையில் இழக்கப்பட்டது ஒரு புள்ளியின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. ஆயினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3000 தடவைகள், ஒரே திசையில், இவ்விழப்பு நிகழ்ந்தது. 22 மாதங்களின் பின், 1983 நவம்பரில், சுட்டெண் 524.811 எனக் காட்டிற்று. திருத்திக் கணித்தபோது 1098.892 எனக் கண்டனர். உயர்ந்திருந்த சந்தை பாதியாய்த் தேய்ந்ததாகத் தோன்றியிருந்தது.

வழக்கமான மட்டந்தட்டலிலும் சிறு சாய்வு உண்டு. சரிபாதியாக வருவதை எப்போதும் மேலேற்றின் கூட்டுத்தொகை மிகும். எனவே, சரிபாதியை இரட்டை எண்ணின் பக்கம் மட்டந்தட்டுவதை 1985இல் வெளியான ஐ.ஈ.ஈ.ஈ. 754 நியமம் இயல்பு முறையாக்கியது. அதன்படி முழு எண்ணாக்குங்கால் 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

கணனி தருவதாலேயே ஓர் எண் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. வட்டியோ வேதனமோ கணிக்கப்படுமிடத்து, எஞ்சும் பின்னம் எவர் பக்கம் சாய்கிறது என வினவுதல் நம் கடமையாகும்.