கால்பந்தாட்ட லீக்குகளின் அடுக்கு முறை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியில் உள்ள ஆமத்தூர் என்னுடைய ஊர். கரிசல் பூமி. மழை பெய்தால் கால் புதையும். வெயில் காய்ந்தால் வெடிப்பு விட்டுக் கல்லாய் இறுகிவிடும். அந்த மண்ணில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கால்பந்தாட்டம் நடைபெறும். வாரம் முழுவதும் ஆலைகளில் காகிதக் குழாய் சுற்றியும், திரி வைத்தும், பெட்டி ஒட்டியும் உழைத்த இளைஞர்கள், அன்று ஒரு நாள் பந்தை உதைத்து மகிழ்வார்கள். இரு புறமும் கல்லை அடுக்கி வைத்தால் அதுவே கோல் கம்பம்.

அப்படி ஆடுபவர்களில் என் தமக்கை மகனும் ஒருவன். பக்கத்து ஊர்ப் போட்டியொன்றில் கோப்பையை வென்று வந்த இரவு அவன் என்னிடம், "மாமா, நாங்க இப்படியே ஜெயிச்சுக்கிட்டே போனா எதுவரைக்கும் போகலாம்?" என்று கேட்டான். கேள்வி சிறியது. ஆனால் ஒரு நாட்டின் கால்பந்தாட்ட அமைப்பு முழுவதையும் எடை போடுவதற்கு இதனினும் சிறந்த கேள்வி கிடையாது. அவனுக்கு நான் சொன்ன விடையையே சற்று விரித்து நேயர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோப்பைப் போட்டிகளில் ஒரு முறை தோற்றவர் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். 1888ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை இந்த வகையில் புகழ் பெற்றது. லீக் என்பது இதற்கு மாறானது. அதில் ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொரு கழகத்துடனும் சொந்த ஊரில் ஒரு முறையும் எதிரியின் ஊரில் ஒரு முறையும் ஆடும். வென்றால் மூன்று புள்ளி, சமநிலையானால் ஒன்று. பன்னிரண்டு கழகங்கள் இருப்பின் மொத்தம் 132 ஆட்டங்கள். ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் கோப்பையை வெல்லலாம். லீக்கை வெல்ல மாதக் கணக்கில் உழைக்க வேண்டும்.

டூரண்ட் கோப்பை தோன்றிய அதே 1888இல் இங்கிலாந்தில் பன்னிரண்டு கழகங்கள் கூடி உலகின் முதல் கால்பந்து லீக்கை அமைத்தன. சேர விரும்பியோர் தொகை பெருகவே, 1892இல் இரண்டாம் பிரிவு ஏற்பட்டது. 1898இல், மேற்பிரிவில் கடைசியாக வந்தோர் கீழிறங்கவும் கீழ்ப்பிரிவில் முதலாக வந்தோர் மேலேறவும் தானாக வழி செய்யும் விதி வந்தது. இன்று அங்கே உச்சியில் இருபது கழகங்கள். அதன்கீழ் இருபத்து நான்கு இருபத்து நான்காக மூன்று பிரிவுகள். அவற்றின்கீழ் கிளை கிளையாகப் பிரிந்து கிராமத்து மைதானம்வரை லீக்குகள் பரந்து கிடக்கின்றன. இவ்வமைப்பை மேனாட்டார் எகிப்தின் பிரமிடுக்கு ஒப்பிடுவர். நமக்கு அவ்வளவு தொலைவு போவானேன்? எங்கள் மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலைகளோடு நிற்கிறது. அடி அகன்று நுனி குறுகிய வடிவம். நிலைகள் வெளியிலிருந்து பார்ப்பதற்கு. உள்ளே படி இருந்தால்தான் ஒருவன் மேலே ஏற முடியும். லீக்குகளை அடுக்குவது எளிது. அவற்றுக்கிடையே படி அமைப்பதுதான் கடினம்.

இங்கிலாந்திலும் அந்தப் படி முழுமையாக இருந்ததில்லை. நான்காம் பிரிவுக்கும் அதன் கீழிருந்த லீக்குகளுக்கும் இடையே 1987 வரை தானாக ஏறும் வழியே கிடையாது. உள்ளே இருந்தவர்கள் வாக்களித்தால்தான் வெளியில் இருப்பவர் நுழையலாம். விம்பிள்டன் என்ற சிறு கழகம் 1977இல் அவ்வாறே வாக்குப் பெற்று உள்ளே வந்தது. ஒன்பதே ஆண்டுகளில் முதற்பிரிவை எட்டி, 1988இல் நாட்டின் பெருங்கோப்பையையும் வென்றது. 1977இல் அந்த வாக்குகள் விழாமற் போயிருந்தால் அதன் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கச் சென்றார்களே, அதே கல்கத்தாதான். அவர்கள் சென்ற காலத்தில் அந்த லீக்கில் ஏற்றமும் இறக்கமும் இருந்தன. கூடவே, முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது என்ற அநியாய விதியும் இருந்தது. கிழக்கு வங்கக் கழகம் அந்த விதியோடு மல்லாடி 1925இல் முதற்பிரிவில் நுழைந்தது. பின்னர் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த முதல் ஆண்டிலேயே, 1934இல், லீக்கை வென்றது. முதற்பிரிவை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. அதோடு நில்லாமல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. படி ஒன்று திறந்திருந்ததன் பயன் இது.

ஆனால் நாடு முழுவதற்குமான லீக் நமக்கு நெடுங்காலம் இல்லை. 1937இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும், 1941இல் மாநிலங்களுக்கான சந்தோஷ் கோப்பையும் வந்தபோதிலும், கழகங்களுக்கான தேசிய லீக் 1996இல்தான் பிறந்தது. பன்னிரண்டு கழகங்கள் கலந்துகொண்ட முதற்போட்டியில் சென்னையின் இந்தியன் வங்கிக் கழகமும் ஆடிற்று, பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலைக் கழகம் வென்றது. 2007இல் அந்த லீக்கை மாற்றியமைத்து ஐ-லீக் என்று பெயரிட்டனர்.

சிக்கல் 2014இல் முளைத்தது. இந்தியன் சூப்பர் லீக் என்ற புதிய லீக், எட்டு அணிகளுடன், ஐ-லீக்குக்குப் பக்கத்திலேயே எழுப்பப்பட்டது. அதில் இடம் பெறுவதற்கு ஆட்டத் திறமை வழியன்று. பணம் செலுத்தி உரிமை பெறுவதே வழி. அந்த லீக்கினால் அரங்குகள் நிறைந்தன, ஆட்டக்காரர்களின் ஊதியம் உயர்ந்தது என்பவற்றை மறுப்பதற்கில்லை. சென்னையின் அணியும் அதனை இருமுறை வென்றிருக்கிறது. ஆயினும் கோபுரத்தின் உச்சி நிலையை அந்தரத்தில் கட்டித் தொங்கவிட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அதன் விளைவைத் தமிழகமே அனுபவித்தது. 2019 மார்ச்சு 9ஆம் நாள் கோவை நேரு அரங்கில் சென்னை சிட்டி கழகம், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்தது. 43 புள்ளிகள், இரண்டாவதாக வந்த கிழக்கு வங்கத்துக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் ஐ-லீக் கோவைக்கு வந்தது. வேறு நாடாயிருந்தால் அதற்கு மேலிருந்த நிலையில் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கும். இங்கே வென்றவர் மறு ஆண்டும் அதே நிலையில்தான் ஆட வேண்டியிருந்தது. அதற்குள் உச்சி லீக் என்ற மதிப்பும் சூப்பர் லீக்குக்குப் போயிற்று. 2021-22ஆம் பருவத்துப் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. ஒரு கழகம் மறையப் பல காரணங்கள் இருக்கலாம். மேலே கதவில்லாததும் அவற்றுள் ஒன்று என்பது என் துணிபு.

அதே 2019இல், மே மாதம், மதுரையின் சேது கழகம் பெண்களுக்கான தேசிய லீக்கை வென்றது. மூன்று மாதங்களுக்குள் தமிழகத்துக்கு இரண்டு தேசியப் பட்டங்கள்! எங்கள் ஊரிலிருந்து மதுரை கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆயினும் அந்தச் செய்தி எங்கள் மைதானத்துக்கு எட்டவில்லை.

2019 அக்டோபரில் ஆசியச் சம்மேளனத்தார் முன்னிலையில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி 2022-23ஆம் பருவம் முதல் ஐ-லீக்கை வெல்பவர் கட்டணமின்றி மேலேறலாம். ஆனால் உரிமச் சான்று பெற வேண்டும். மைதானம், இளையோர் அணிகள், அலுவலர்கள், சட்டப்படியான பதிவு, ஒழுங்கான கணக்கு ஆகிய யாவும் சரியாயிருந்தாலன்றிச் சான்று கிடையாது. அவ்வாறு முதலில் ஏறியது பஞ்சாப். அடுத்து 2024இல் ஏறியது முகமதன் ஸ்போர்ட்டிங். 1934இல் ஏறி வென்ற அதே கழகம் தொண்ணூறு ஆண்டு கழித்து மீண்டும் ஒரு படியைக் கடந்தது. 2025இல் கடைசி நிலைத் தகராறு சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம்வரை சென்று, ஜூலையில்தான் வாரணாசியின் இன்டர் காசி கழகத்துக்குப் பட்டம் உறுதியாயிற்று. ஏறும் படி இவ்வாறு ஒருவாறு அமைந்தது. ஆனால் சூப்பர் லீக்கிலிருந்து கீழிறக்கும் விதி 2024-25 பருவம் முடியும்வரை நடைமுறைக்கு வரவில்லை. 2010இல் பதினைந்து ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட வர்த்தக ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபோது, அந்த லீக்கே 2025ஆம் ஆண்டு இறுதிவரை தொடங்காமல் முடங்கிக் கிடந்தது.

கீழ்நிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ-லீக்கின்கீழ் இரண்டாம் நிலை லீக். 2023இல் அதன்கீழ் மூன்றாம் நிலை லீக் ஒன்றும் ஏற்பட்டது. மூன்றாவதற்கு மாநில லீக்குகளிலிருந்து கழகங்கள் அனுப்பப்படுகின்றன. இந்தப் படிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு என்ற கழகம் 2023-24ஆம் ஒரே பருவத்தில் மூன்றாம் நிலையையும் இரண்டாம் நிலையையும் வென்று ஐ-லீக்குக்கு ஏறியது. அடுத்த பருவத்திலேயே தோற்றுக் கீழிறங்கியது. வருந்தத்தக்க செய்தி போலத் தோன்றும். எனக்கோ அது நல்ல செய்தி. வெற்றிக்கும் தோல்விக்கும் அங்கே விலையுண்டு.

தமிழகத்திலோ நெடுங்காலமாகச் சென்னை லீக்கே மாநிலத்தின் தலைமை லீக்காக விளங்கி வந்திருக்கிறது. மாவட்டங்களுக்கிடையிலான போட்டிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த அணிகளுக்கானவை. ஊர்க் கழகம் ஒன்று தன் பெயரோடே ஏறிச் செல்வதற்கான வழி அதுவன்று. அடி அகன்றிருக்க வேண்டிய கோபுரத்துக்கு அடியிலேயே ஒரு படி குறைகிறது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் விரல் விட்டு எண்ணினான். மாவட்டம் ஒன்று, மாநிலம் இரண்டு, மூன்றாம் நிலை மூன்று, இரண்டாம் நிலை நான்கு, ஐ-லீக் ஐந்து, சூப்பர் லீக் ஆறு. "ஆறுதானே மாமா!" என்றான். பிறகு சற்று யோசித்து, "மெட்ராஸுக்குப் பதினஞ்சு பேரு போய்வர பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். ஒரு காகிதத்தை எடுத்து இருவருமாகக் கணக்குப் போட உட்கார்ந்தோம்.